வட்டுக்கோட்டையில் ஒரு சந்திர கிரகணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி எனப் புகழ்பெற்ற அதன் முதல் அதிபர் டானியல் பூவர். மேனாட்டு வானியலும் கணிதமும் அங்கே பாடங்களாயின. ஆனால் கருவியும் வரைபடமும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மண்ணில் வான்கணிதம் வேரூன்றியிருந்தது.

அயலூராகிய அராலியில் விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கமே மக்களுக்கு நாளும் கோளும் காட்டிற்று. அத்தகைய தமிழ்க் கணிதம் எவ்வாறு நடந்தது என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று உண்டு. 1825இல் அங்கு ஒருவர் மனனம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் பிழைத்தது ஏறக்குறைய 4 நிமிடமே என்பதை ஜான் வாரன் என்பவர் வழி அறிகிறோம்.

இத்தகைய மரபில் வளர்ந்த பிள்ளைகளே பூவரின் முன் அமர்ந்திருந்தனர். தந்தையர் போற்றிய பஞ்சாங்கத்தை நம்புவதா, ஆசிரியரின் புத்தகத்தை நம்புவதா? 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம் இவ்வினாவை வெளிக்கொணர்ந்தது. பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் வேற்றுமை இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை, முன்கூட்டியே வெளிப்படுத்தினார். தவறியிருந்தால் அவர் கல்வியின் மதிப்பே குன்றியிருக்கும். நிலவு மங்குவதைக் காண வெறுங்கண் போதும். நேரத்தை அளக்க ஒரு கடிகாரம் போதும். குறித்த இரவில் வானமே நடுவராயிற்று. பூவரின் கணிப்பே பொருந்தியது என மிஷன் வரலாறுகள் கூறும்.

புராண உலகக் கொள்கையை அசைப்பதே மிஷனரிமாரின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் கற்பித்தவர்களும் கற்க வேண்டியவராயினர். 1836இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் உள்நாட்டு வானியலை ஊன்றிப் பயின்றார். அதனை விளக்கும் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சேர்த்து 1848இல் யாழ்ப்பாணத்தில் பதிப்பித்தார். மறுக்க எண்ணிய அறிவை முதலில் மதித்து அறிய வேண்டியிருந்தது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. அதே ஆண்டில், அங்கே மாணவராயிருந்து ஆசிரியராகவும் பணியாற்றிய கறோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். புதிய கணிதம் தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டது. பின்னர், 1872இல், யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே எழுந்தது.

கடிகாரமும் வரைபடமும் வகுப்பறைக்கு வந்ததனால் மட்டும் அறிவு வளர்ந்துவிடவில்லை. தாம் சொல்வதை எல்லாரும் காணச் சோதனைக்கு உட்படுத்த ஓர் ஆசிரியர் துணிந்தார். மாணவர் தம் கண்ணாலேயே ஒப்புநோக்கினர். கருவிக்குப் பயன் தந்தது அந்தத் துணிவே.