கேட்கப்படாத வாக்கு: ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் முடிவும் ரசிகரின் ஏமாற்றமும்

2009 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய கருத்தரங்கு நடந்தது. நடிகை ஊப்பி கோல்ட்பெர்க் நெறிப்படுத்த, ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் நடிகர்களும் படைப்பாளிகளும் ஐ.நா. அதிகாரிகளுடன் அமர்ந்து மனித உரிமை, பயங்கரவாதம், ஆயுத மோதலில் சிக்கும் குழந்தைகள் ஆகிய பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். மூன்று நாள் கழித்து, மார்ச் 20 அன்று, ‘டேபிரேக்’ அத்தியாயத்தின் இறுதிப் பகுதி ஒளிபரப்பாகித் தொடர் முடிந்தது. எந்தப் பண்பு அத்தொடரை அந்த மேடைவரை கொண்டு சென்றதோ அந்தப் பண்பையே அதன் முடிவு கைவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். ரசிகர்களின் ஏமாற்றத்தை வெறும் மனத்தாங்கலாக ஒதுக்காமல், ஒரு படைப்பின் உள்முரணைக் கண்டுகொண்ட திறனாய்வாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்ல விரும்புகிறேன். நானும் அந்த ரசிகர்களில் ஒருவன்.

கதையின் சட்டகம் எளிது. மனிதர்கள் உருவாக்கிய சைலான் என்னும் இயந்திரங்கள் கிளர்ந்தெழுகின்றன. மனித உருவம் பூண்டு திரும்பிவந்து, பன்னிரண்டு குடியேற்றக் கோள்களையும் அணுகுண்டுகளால் அழிக்கின்றன. தப்பிய ஏறத்தாழ 50,000 பேர், கேலக்டிகா என்ற பழைய போர்க்கப்பலின் காவலில், பூமி என்று தொன்மங்கள் சொல்லும் இடத்தைத் தேடி அலைகிறார்கள். கிளென் லார்சன் 1978இல் உருவாக்கிய தொடரை, ‘ஸ்டார் டிரெக்’ எழுத்தாளர்களில் ஒருவரான ரொனால்ட் மூர், டேவிட் ஐக்குடன் சேர்ந்து மறு ஆக்கம் செய்தார். 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி நான்கு பருவங்கள் நீண்டது.

முடிவின்மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் பரவலானது, கடவுளைக் கொண்டுவந்து முடிச்சுகளை அவிழ்த்துவிட்டார்கள் என்பது. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் இதே கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். இறந்து திரும்பிய விமானி ஸ்டார்பக் யார் என்ற கேள்விக்கு விடை தராமல், புல்வெளியில் படைத்தலைவர் அடாமாவின் மகன் லீ அடாமாவுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் மறைந்துபோகிறாள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் விஞ்ஞானி பால்டரிடம் பேசிவந்த உருவம் கடவுளின் தூதர் என்று ஆகிறது. கதையின் அவிழ்ப்பு கதைப்பின்னலுக்குள்ளிருந்தே வர வேண்டும் என்று சொன்ன அரிஸ்டாட்டில், ‘மெடியா’ நாடகத்தின் முடிவைக் குறை கூறியதை இங்கே நினைவூட்டுவோர் உண்டு.

இந்தக் குற்றச்சாட்டை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கடவுள் இத்தொடருக்குள் கடைசி நேரத்தில் நுழைந்தவர் அல்லர். தீர்க்கதரிசி பித்தியாவின் வாக்கு முதற் பருவத்திலிருந்தே கப்பல்களின் திசையைத் தீர்மானிக்கிறது. பால்டரின் தலைக்குள் பேசும் பெண் குறுந்தொடரிலேயே வந்துவிடுகிறாள். சைலான்கள் ஒரே கடவுளை வணங்குவதும் மனிதர்கள் பல கடவுளரை வணங்குவதுமே போரின் ஒரு பக்கம். இத்தனையும் பார்த்த பிறகு, கடைசியில் கடவுள் இருந்துவிட்டார் என்பதற்காக ஒருவர் ஏமாந்தால், அவர் தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். ஏமாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

மூர் இத்தொடருக்கு முன்வைத்த கொள்கை இயல்புவாத அறிவியல் புனைவு. விண்வெளிச் சாகசத்திலிருந்து மிகை நாடகத்தைக் கழற்றிவிட்டு, மனிதர்கள் மனிதர்களாகவே நடந்துகொள்ளும் கதையைச் சொல்வது என்று அதை விளக்கலாம். ஆனால் இயல்பு என்பது இங்கே தள்ளாடும் கேமராவிலோ, விண்வெளியில் அடங்கி ஒலிக்கும் வெடிச்சத்தத்திலோ மட்டும் இல்லை. ஒரு சமூகம் எப்படி முடிவெடுக்கிறது என்பதைக் காட்டியதில்தான் அதன் உயிர் இருந்தது. குடியரசுத் தலைவர் ராஸ்லின் பதவியேற்றது, வாரிசுப் பட்டியலில் தனக்கு முன்னிருந்த 42 பேரும் இறந்ததால். கல்வித் துறையைக் கவனித்துவந்த அவர், உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கிறார். ஹியூகோ விருது பெற்ற ‘33’ அத்தியாயத்தில், 1,345 பேர் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட ஒரு பயணிக் கப்பலைத் தம் படையே சுட்டு வீழ்த்த ஆணையிட நேர்கிறது. அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. ராஸ்லின் பலகையில் ஒன்றைக் கூட்டுகிறார். பல அத்தியாயங்களின் தலைப்புக் காட்சியிலேயே அந்த எண்ணிக்கை திரையில் வரும். கருக்கலைப்பை ராஸ்லின் தடை செய்ததும் அதே பலகையைக் காரணம் காட்டித்தான். அந்தத் தடையை எதிர்த்தே பால்டர் தேர்தலில் நிற்கிறார். எண்ணப்படும் ஒவ்வொருவருக்கும் குரலும் உண்டு என்ற அரசியல், தொடரின் அடித்தளமாக இப்படி அமைந்தது.

அந்தத் தேர்தலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2006இல் முடிந்த இரண்டாம் பருவத்தின் இறுதியில் அது வருகிறது. அலைச்சலில் களைத்த மக்களுக்கு, வாழத் தகுந்த ஒரு கோள் தற்செயலாகக் கிடைக்கிறது. அங்கே குடியேறலாமா, பூமியைத் தேடிப் பயணத்தைத் தொடரலாமா என்பதே வாக்காளர் முன் நின்ற கேள்வி. குடியேறலாம் என்று பால்டர் சொல்கிறார். கூடாது என்கிறார் ராஸ்லின். ராஸ்லினின் ஆட்கள் வாக்குகளில் மோசடி செய்கிறார்கள். கேட்டா என்ற இளம் அதிகாரி அதைக் கண்டுபிடிக்கிறான். அட்மிரல் அடாமா ராஸ்லினை நேருக்கு நேர் கேட்க, அவர் பின்வாங்குகிறார். மக்கள் தேர்ந்தெடுத்தபடியே பால்டர் பதவிக்கு வருகிறார், நியூ கேப்ரிகா என்று பெயரிட்ட அந்தக் கோளில் ஊர் எழுகிறது, ஓராண்டு கழித்துச் சைலான் படை வந்து அதை ஆக்கிரமிக்கிறது. மக்களின் முடிவு தவறாகப் போயிற்று. ஆனாலும் மோசடி செய்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று தொடர் எளிதாகச் சொல்லிவிடவில்லை. தவறான முடிவானாலும் அதை எடுக்கும் உரிமை மக்களுடையது என்ற சங்கடத்தைப் பார்வையாளர் மடியில் இறக்கிவைத்தது. தொலைக்காட்சியில் மக்களாட்சியைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய கதையை நான் அதிகம் கண்டதில்லை.

முடிவுக்கு வெகு அண்மையிலும் இதே கேள்வி எழுகிறது. கிளர்ச்சிச் சைலான்களுடன் அடாமா கூட்டணி அமைத்து, அவர்களின் தொழில்நுட்பத்தை மனிதக் கப்பல்களில் பொருத்த முனைகிறார். பன்னிரு கோள்களின் பிரதிநிதிகள் அமர்ந்த அவை அதை எதிர்க்கிறது. மதிக்கப்படாத எதிர்ப்பு கலகமாக வெடிக்கிறது. அன்று தேர்தல் மோசடியைக் கண்டுபிடித்த கேட்டாவே கலகத்தின் தளபதி. அவனுடைய கூட்டாளி சாரெக்கின் ஆணையால் அவை உறுப்பினர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கேட்டாவும் சாரெக்கும் மரண தண்டனை பெறும் அத்தியாயம் ஒளிபரப்பான நாள் 2009 பிப்ரவரி 6. இறுதி அத்தியாயத்துக்கு அப்போது இருந்த இடைவெளி ஆறே வாரம்.

இனி ‘டேபிரேக்’. கருந்துளையின் விளிம்பில் நிற்கும் சைலான் கோட்டையிலிருந்து, மனிதனுக்கும் சைலானுக்கும் பிறந்த ஹீரா என்ற குழந்தை மீட்கப்படுகிறாள். ஸ்டார்பக் ஒரு பாடலின் சுரங்களை எண்களாக மாற்றிக் கணினியில் இட, கேலக்டிகா நம் பூமிக்கு வந்து சேர்கிறது. காலம், இன்றைக்கு 1,50,000 ஆண்டுகளுக்கு முன். எஞ்சியிருப்போர் சுமார் 38,000 பேர். நகரம் கட்ட வேண்டாம், கப்பல்களையும் கருவிகளையும் துறந்து வெறும் மனிதராக இந்த மண்ணில் பரவுவோம் என்கிறார் லீ அடாமா. அடுத்த காட்சிகளில் அது நடந்தும் விடுகிறது. ஸ்டார்பக்கின் கணவன் சாம் ஆண்டர்ஸ் கப்பல்களைச் சூரியனை நோக்கிச் செலுத்துகிறான்.

புதிய கோளில் குடியேறலாமா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒரு தேர்தலையே செலவிட்ட தொடர் இது. வேற்றுத் தொழில்நுட்பத்தைக் கப்பலில் பொருத்தலாமா என்ற கேள்விக்காக ஒரு கலகத்தையும் பல உயிர்களையும் செலவிட்ட தொடர். மருந்து, மின்சாரம், எழுத்துப் பதிவு, ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் வழி ஆகிய அனைத்தையும் 38,000 பேர் என்றென்றைக்குமாக விட்டுவிடும் முடிவுக்கு அது ஒதுக்கியது சில வரி உரையாடல். எல்லோரும் இதற்கு இவ்வளவு இசைவாக இருப்பது தமக்கு வியப்பளிக்கிறது என்று வழக்கறிஞர் ரோமோ லாம்ப்கின் சொல்கிறார். பழையதைத் துடைத்துவிட்டுத் தொடங்கும் ஆசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று அட்மிரல் பதில் தருகிறார். அவ்வளவுதான். ரோமோவின் வியப்பு பார்வையாளரின் வியப்பு என்பதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். உணர்ந்ததால்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். வியப்புக்கு விடை சொல்லியிருக்க வேண்டிய மக்களோ திரையில் வாய் திறக்கவில்லை.

இந்த யோசனையை முன்மொழிபவர் லீ என்பது என் வருத்தத்தைக் கூட்டுகிறது. படைத்தலைவரின் மகனாக இருந்தும், ராஸ்லினைக் கைதுசெய்ய வந்த படையின் நடுவிலேயே குடியாட்சியின் பக்கம் நின்றவர் அவர். ஊரே வெறுத்த பால்டருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவரும், அவையில் கேப்ரிகா கோளின் பிரதிநிதியாக அமர்ந்தவரும் அவரே. ‘மக்களைக் கேட்டீர்களா?’ என்று கேட்க இந்தக் கதையில் ஒருவருக்குத் தகுதி உண்டென்றால் அது லீக்குத்தான். அவர் வாயிலிருந்தே கேளாத முடிவு பிறக்கிறது.

அறிவியல் பிழையையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கிறேன். 1,50,000 ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் நகரில் நடக்கும் இறுதிக் காட்சியில், தான்சானியாவில் கண்டெடுத்த இளம்பெண்ணின் எலும்புகள் ‘மைட்டோகாண்ட்ரிய ஏவாளு’டையவை என்று ஒரு செய்தி வாசிக்கப்படுகிறது. அவள் ஹீரா என்று நமக்கு உணர்த்தப்படுகிறது. இன்று வாழும் மனிதர் அனைவருக்கும் மிக அண்மைய பொது மூதாதை என்று அவளைத் தொடர் விளக்குகிறது. 1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வால் புகழ்பெற்ற அந்தக் கருத்து சொல்வது வேறு. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பின்தொடர்ந்து சென்றால், தாய்வழிகள் எல்லாம் ஒரு பெண்ணிடம் சேரும் என்பதே அது. அவள் காலத்தில் வேறு பெண்கள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களின் நேர்த்தாய்வழி எங்கோ மகள் இல்லாமல் அற்றுப்போனாலும், மகன்கள் வழியாக அவர்களின் மரபும் நம்மிடம் வந்திருக்கும். எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் பொது மூதாதையர் மிகவும் பிற்காலத்தவர்.

ஒரு புனைவில் உயிரியல் பிழை இருப்பது பொறுக்கத்தக்கதே. இந்தப் பிழை விழும் திசைதான் பொறுக்க முடியாதது. பலகையில் ஒவ்வொரு உயிரையும் எண்ணிய கதை, முடிவில் ஒரே ஒரு குழந்தையை மட்டும் எண்ணிவிட்டு மற்ற அனைவரையும் கணக்கிலிருந்து அழிக்கிறது. உண்மையான அறிவியலோ அந்த மற்றவர்களுக்கும் நம்மில் பங்கு தருகிறது; அதுவே தொடரின் பழைய அறத்துக்கு நெருக்கமானது.

நினைவைப் பற்றிய கேள்வியும் இதோடு சேர்ந்தது. மனிதர் உழவைத் தொடங்கி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே வந்திறங்கியவர்கள் கற்றுத்தந்தது எதுவும் எஞ்சவில்லை என்று கதையே ஒப்புக்கொள்கிறது. நடந்ததே மீண்டும் நடக்கும் என்ற எச்சரிக்கையைத் தொடர் நான்கு பருவமும் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் நம் காலத்து ரோபோக்களைக் காட்டி நம்மையே எச்சரிக்கிறது. ஆனால் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உதவும் சான்று முழுவதையும் சூரியனில் எரித்தவர்கள் அதே கதையின் நாயகர்கள். இறந்தவர்களின் புகைப்படங்களால் ஒரு தாழ்வாரச் சுவர் முழுவதையும் மூடிய மக்கள், இத்தனை எளிதாக மறதியைத் தேர்ந்திருப்பார்களா? சிலர் தேர்ந்திருக்கலாம். எல்லோரும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? இறுதி அத்தியாயத்தின் கதைப்பின்னல் பிடிபடாமல் திணறியபோது, கதைமாந்தர்தாம் முக்கியம் என்று எழுத்தாளர் அறையின் பலகையில் எழுதி வைத்ததாக மூர் சொல்லியிருக்கிறார். அந்த முடிவின் பயன் திரையில் தெரிகிறது. அடாமாவின் அருகில், விமானத்திலிருந்து விலங்குக் கூட்டங்களைப் பார்த்தபடி ராஸ்லின் உயிர் நீப்பது மிக நல்ல காட்சி. அதைவிடவும் நல்லது பால்டருடையது. ஏரிலான் என்ற உழவர் கோளில் பிறந்து, அந்தப் பிறப்பை வெறுத்து, பேச்சு வழக்கைக்கூட மாற்றிக்கொண்டவன் அவன். நான்கு பருவமும் பொய்யும் கோழைத்தனமுமாக வாழ்ந்தவன், இறுதியில் தனக்கு உழவு தெரியும் என்று சொல்லி உடைந்து அழுகிறான். மூன்றாம் பருவத்தில் ஒரு தொழிலாளர் போராட்டத்தின் நடுவே விதைத்தது இங்கே விளைகிறது. கடவுள் யாரும் தேவைப்படாத, முழுக்க ஈட்டப்பட்ட முடிவு அது.

தனிமனிதர்களின் கதை இப்படிச் செம்மையாக நிறைவுறுகிறது. ஆனால் இத்தொடரின் முதன்மைப் பாத்திரம் அந்த மக்கள்கூட்டம்; அதை ஒரு பாத்திரமாக எழுத்தாளர் அறை கருதவில்லை. பலகையில் எழுதப்பட்ட வாசகம் சரியானதே, யார் கதைமாந்தர் என்று எண்ணியதில்தான் பிசகு.

தெய்வச் செயலும் மனித விவாதமும் ஒரே கதையில் அமைய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. ஊழ்தான் கதையை நடத்துகிறது என்று சிலப்பதிகாரத்தின் பதிகம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ஆனாலும் பாண்டியன் அவையில் கண்ணகி ஊழை முன்வைத்து வாதாடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன், சிலம்பு உடைகிறது. ஊழ் இருந்தும் வழக்கு வழக்காகவே நடக்கிறது. மூருக்கும் இந்தக் கலை தெரியாததன்று. 1994இல் பிரானன் பிராகாவுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ஆல் குட் திங்ஸ்’, ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இறுதி அத்தியாயம். அதில் கடவுளுக்கு நிகரான ஆற்றல் கொண்ட ‘கியூ’ மனித இனத்தையே விசாரணைக்கு நிறுத்துகிறான். காலத்தில் பின்னோக்கி வளரும் ஒரு முரண்புதிரைத் தன் சிந்தனையால் கேப்டன் பிக்கார்ட் புரிந்துகொள்வதால்தான் மனித இனம் பிழைக்கிறது.

‘டேபிரேக்’கிலும் அதற்கு இடமிருந்தது. கேப்ரிகா நகரின் பழைய நாட்களைக் காட்டும் நினைவுக் காட்சிகளுக்கு அந்த அத்தியாயம் தாராளமாக நேரம் தந்தது. லீ குடிபோதையில் ஒரு புறாவைத் துரத்தும் காட்சிக்குக்கூட நேரம் இருந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து, புல்வெளியில் கூடிய கப்பல் தலைவர்கள் சண்டையிடுவதைக் காட்டியிருக்கலாம். தன் நோயாளிகளை நினைத்துக் காட்டில் என்ற மருத்துவர் மறுத்துப் பேசியிருக்கலாம். ஒரு கப்பல் மட்டும் சூரியனுக்குப் போக மறுத்து விலகிச் சென்றிருக்கலாம். முடிவு அமைதியாக இருக்க வேண்டும், சச்சரவு அதைக் கெடுத்துவிடும் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். நியூ கேப்ரிகா தேர்தலை எழுதியவர்களிடமிருந்து அந்தப் பதிலை ஏற்க நான் தயாராக இல்லை. லீயின் யோசனை வாக்கெடுப்பில் வென்று, தோற்றவர்களும் முணுமுணுத்தபடியே கப்பலிலிருந்து இறங்கி வந்திருந்தால், கடவுளின் தூதர்களை மட்டுமல்ல, ஸ்டார்பக் காற்றில் கரைந்ததையும் நான் கேள்வியின்றி ஏற்றிருப்பேன்.