ஏமாற்றுக்கு ஓர் எல்லைக்கோடு: அமெச்சூர் பேஸ்பாலும் ‘பால்க்’ விதியும்

1982 ஜூன் மாதம். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கல்லூரி அணிகளுக்கான பேஸ்பால் உலகத் தொடர் நடந்துகொண்டிருந்தது. மயாமி பல்கலைக்கழக அணியும் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழக அணியும் மோதிய ஆட்டத்தின் ஆறாம் சுற்றில், விச்சிட்டாவின் ஃபில் ஸ்டீவன்சன் முதல் தளத்தில் நின்றார். அந்தப் பருவத்தில் மட்டும் 80க்கும் மேற்பட்ட தளங்களைத் ‘திருடியவர்’ அவர். எதிரணி சுதாரிப்பதற்குள் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதற்குப் பேஸ்பாலில் வழங்கும் அதிகாரபூர்வச் சொல்லே அதுதான். மயாமியின் பந்தெறிபவர் மைக் காஸ்பர்சாக் முதல் தளத்தை நோக்கித் திரும்பிக் கையை வீசினார். முதல் தளக் காவலர் பந்தைத் தவறவிட்டவர்போலப் பாய்ந்து விழுந்தார். சக வீரர்கள் பந்தைத் துரத்துவதுபோல ஓடினர். மைதான ஓரத்தில் அமர்ந்திருந்தவர்களும் எழுந்து, பந்து போன திசை என்று எதையோ சுட்டிக் கத்தினர். ஸ்டீவன்சன் நம்பிவிட்டார். இரண்டாம் தளத்தை நோக்கி ஓடினார். பந்தோ காஸ்பர்சாக்கின் கையுறையைவிட்டு வெளியேறவே இல்லை. ஸ்டீவன்சன் ஆட்டமிழந்தார். மயாமி 4-3 என்ற கணக்கில் வென்றது. அவ்வாண்டின் பட்டத்தையும் கைப்பற்றியது. ‘மாபெரும் மாயை’ என்ற பெயரில் அந்த ஆட்டம் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இவ்வளவு வெளிப்படையான ஏமாற்றை நடுவர்கள் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடை காஸ்பர்சாக்கின் கால்களில் இருக்கிறது. கையை வீசுவதற்கு முன்பே அவர் மண்மேட்டின் நடுவில் பதிக்கப்பட்டுள்ள வெள்ளை ரப்பர் பலகையிலிருந்து காலை முறைப்படி எடுத்துவிட்டிருந்தார். பலகையைத் தொட்டபடி அதே பாவனையைச் செய்திருந்தால் அது ‘பால்க்’ எனப்படும் குற்றமாகியிருக்கும். ஓட்டக்காரருக்கு இரண்டாம் தளம் இலவசமாகக் கிடைத்திருக்கும். அரை அடி இடைவெளியில் ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் சாமர்த்தியமாகவும் ஆகிறது. இந்த விசித்திரத்தின் வரலாறு, விளையாட்டுச் சட்டங்கள் நேர்மையை எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை அறிய உதவும் நல்லதொரு சான்று.

கிரிக்கெட்டில் பழகிய நமக்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். பேஸ்பாலில் ஓட்டக்காரர் தளத்தைவிட்டுச் சில அடிகள் முன்னே நகர்ந்து நிற்கலாம். பந்தெறிபவர் மட்டையாளருக்கு எறியத் தொடங்கிய கணத்தில் ஓடினால் அடுத்த தளத்தை எட்டிவிடலாம். அவர் மட்டையாளருக்கு எறியாமல் தளக் காவலரிடம் எறிந்தால், முன்னே நகர்ந்து நின்ற ஓட்டக்காரர் சிக்கிக்கொள்வார். ஆகவே ஓட்டக்காரரின் கண்கள் பந்தெறிபவரின் தோள், முழங்கால், குதிகால் ஆகியவற்றைப் படித்தபடியே இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் அதிகாரம் பந்தெறிபவர் ஒருவரிடமே உள்ளது. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பொய்யான தொடக்கத்தைக் காட்டினால், ஓட்டக்காரருக்கு நியாயமான வாய்ப்பே இல்லாமல் போகும். பால்க் விதி காக்க முனைவது இந்தச் சமநிலையைத்தான்.

இவ்விதி தொழில்முறை ஆட்டக்காரர்களின் பேராசையைக் கட்டுப்படுத்தப் பிறந்தது என்று எண்ணுவது பிழை. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் மன்றம் எழுதிவைத்த 20 விதிகளிலேயே பால்க் இடம்பெற்றுவிட்டது. பந்தெறிபவர் பால்க் செய்தால், ஒரு தளம் முன்னேறும் ஓட்டக்காரரை ஆட்டமிழக்கச் செய்ய முடியாது என்பது அதன் சாரம். நிக்கர்பாக்கர்கள் வேலைநேரம் முடிந்தபின் பொழுதுபோக்குக்காக ஆடிய நடுத்தர வர்க்கத்தினர். ஆட்டத்துக்கு ஊதியம் பெறாதவர்கள். மட்டையாளர் அடிக்காமல் விடும் நல்ல பந்தை நடுவர் ‘ஸ்ட்ரைக்’ என அறிவிக்கும் வழக்கமே 1858இல்தான் வந்தது. அதாவது, எது நல்ல பந்து என்பதை வரையறுப்பதற்கு முன்பே எது பொய்யான அசைவு என்ற கவலை அமெச்சூர்களுக்கு வந்துவிட்டது. கனவான்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்திலும் நன்னடத்தையை மட்டும் நம்பி இருந்துவிட முடியவில்லை.

ஆனால் பால்க் என்றால் என்ன என்பதை அந்தப் பழைய விதி விளக்கவில்லை. விளக்கும் பணியைப் பிற்காலம் ஏற்றது. ஒவ்வொரு புதிய தந்திரத்துக்கும் ஒரு புதிய உட்பிரிவு என்ற முறையில் விதி வளர்ந்தது. பலகையைத் தொட்டபடி முதல் தளத்துக்கு எறிவதுபோல் பாவனை செய்யலாகாது. ஒரு தளத்துக்கு எறியுமுன் அத்தளத்தை நோக்கிக் கால் வைக்க வேண்டும். இரு கைகளையும் சேர்த்தபின் முழுமையாக நிலைகொள்ள வேண்டும். பந்து கையில் இல்லாதபோது பலகையின்மீதோ அதன் இருபுறமும் கால் பரப்பியோ நிற்கலாகாது. இந்தக் கடைசி உட்பிரிவு, காவலர் ஒருவர் பந்தை ஒளித்துவைத்துக்கொண்டு ஓட்டக்காரர் தளத்தைவிட்டு நகரும்வரை காத்திருக்கும் பழைய தந்திரத்தை எதிர்கொள்கிறது. அத்தந்திரத்தை விதி தடைசெய்யவில்லை. அதற்குத் துணையாகப் பந்தெறிபவர் பலகையில் ஏறி நடிப்பதையே தடைசெய்கிறது.

இங்கேதான் நடுவரின் சிக்கல் தொடங்குகிறது. பால்க் விதியின் நோக்கம் பந்தெறிபவர் வேண்டுமென்றே ஓட்டக்காரரை ஏமாற்றுவதைத் தடுப்பது என்றும், ஐயம் எழுந்தால் அவருடைய உள்நோக்கத்தைக் கருத வேண்டும் என்றும் அதிகாரபூர்வ விதிநூலின் விளக்கவுரை கூறுகிறது. ஆனால் அதே விதிநூல், பலகையில் நிற்கும்போது பந்து கைதவறி விழுந்தாலும் பால்க் என்கிறது. தற்செயலாக விழுந்ததா, வேண்டுமென்றே விழவிடப்பட்டதா என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஓரிடத்தில் மனத்தைப் பார்க்கச் சொல்லும் சட்டம், மற்றோரிடத்தில் உடலை மட்டும் பார்க்கச் சொல்கிறது. 1961 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பலத்த காற்று ஸ்டூ மில்லர் என்ற பந்தெறிபவரை நிலைகொண்ட நிலையில் அசைத்துவிட்டது. நடுவர் பால்க் அறிவித்தார். அங்கே ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. அசைவு மட்டுமே இருந்தது.

உள்நோக்கத்தின் இடத்தை அளவீட்டால் நிரப்ப முயன்றபோதெல்லாம் ஆட்டம் திணறியது. 1963இல் தேசிய லீக், பந்தெறிபவர் ஒரு நொடி முழுமையாக நிலைகொள்ள வேண்டும் என்பதைக் கண்டிப்புடன் செயல்படுத்தத் தொடங்கியது. அவ்வாண்டு மே 4 அன்று மில்வாக்கியின் பாப் ஷா ஒரே ஆட்டத்தில் 5 பால்க் அறிவிப்புகளுக்கு ஆளானார். 1988இல் நிலைகொள்ளல் ‘தெளிவாகப் புலப்பட’ வேண்டும் என்று விதியின் சொற்கள் இறுக்கப்பட்டன. முந்தைய ஆண்டில் 356ஆக இருந்த பால்க் எண்ணிக்கை 924ஆக உயர்ந்தது. ஓக்லாந்தின் டேவ் ஸ்டுவர்ட் மட்டும் 16 முறை சிக்கினார். ஓர் ஆண்டுக்குள் பந்தெறிபவர்கள் நேர்மை குன்றிவிடவில்லை. மாறியது விதியின் சொல்லும், அதற்கேற்ப நடுவர்கள் பார்த்த விதமும்தான்.

தொழில்முறை ஆட்டத்தில் இத்தகைய குழப்பத்தைத் தாங்கப் பயிற்சி பெற்ற நால்வர் நடுவர் குழு உண்டு. பள்ளி மைதானத்தில் பெரும்பாலும் இருவர். சில வேளைகளில் ஒருவரே. முகப்புத் தளத்தின் பின்னால் நிற்பவர் பந்தின் பாதையையும் பார்க்க வேண்டும், பந்தெறிபவரின் முழங்காலையும் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரோ பதினைந்து வயதுச் சிறுவர். அவர் தோளைக் குலுக்கியது தந்திரமா, பதற்றமா என்று எவ்வாறு அறிவது?

அமெச்சூர் விதிநூல்கள் இக்கேள்விக்குத் தம் வழியில் விடை தேடின. லிட்டில் லீக் அமைப்பு 12 வயதுக்குட்பட்டோர் ஆடும் சிறிய மைதானத்தில் பால்க் தண்டனையையே வைக்கவில்லை. பந்து மட்டையாளரை எட்டும்வரை ஓட்டக்காரர் தளத்தைவிட்டு நகரக் கூடாது என்பது அங்கே விதி; திருட வாய்ப்பில்லாத கணத்தில் ஏமாற்றவும் வாய்ப்பில்லை. உயர்நிலைப்பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு வேறு வழியைத் தேர்ந்தது. தொழில்முறை ஆட்டத்தில் பால்க் நிகழ்ந்தபின்னும் பந்து எறியப்பட்டால் ஆட்டம் தொடரும். மட்டையாளரும் எல்லா ஓட்டக்காரர்களும் ஒரு தளமாவது முன்னேறிவிட்டால் பால்க் மறக்கப்படும். பள்ளி ஆட்டத்திலோ பால்க் நிகழ்ந்த கணமே ஆட்டம் நின்றுவிடும். அதன்பின் மட்டையாளர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தாலும் கணக்கில் சேராது. குற்றமிழைக்காத அணிக்கு இதனால் இழப்பு நேரலாம் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும் இரு நடுவர்கள் மட்டும் உள்ள மைதானத்தில் இம்முறை எளிமையானது. பந்தை ஒளிக்கும் தந்திரத்திலும் பள்ளி விதி கூடுதல் கண்டிப்புடையது: பந்தில்லாத பந்தெறிபவர் பலகையிலிருந்து ஏறத்தாழ 5 அடிக்குள் வந்தாலே பால்க்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 1991 உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், மினசோட்டாவின் காவலர்கள் பந்து தம்மிடம் வருவதுபோல் பாவனை செய்தனர். அட்லாண்டாவின் லோனி ஸ்மித் இரண்டாம் தளமருகே தயங்கி நின்றார். தாம் அதில் ஏமாறவில்லை என்று ஸ்மித் பின்னர் மறுத்தார். அந்தச் சுற்றில் அட்லாண்டா ஓட்டம் எடுக்கவில்லை. மினசோட்டா 1-0 என்று வென்றது. தொழில்முறை விதியில் அந்தப் பாவனை குற்றமே இல்லை. ஆனால் பள்ளி விதியில், பந்தில்லாத காவலர் ஓட்டக்காரரைத் தொட்டு ஆட்டமிழக்கச் செய்வதுபோல் நடித்தால் அது தடைக்குற்றம். திடீரெனச் சறுக்க நேரும் சிறுவரின் கணுக்கால் முறியக்கூடும் என்பதே அதன் அடிப்படை. தந்திரத்தின் அழகைவிடப் பிள்ளையின் எலும்பு பெரிது என்று பள்ளிச் சட்டம் முடிவு செய்தது.

இவ்வரலாறு இந்திய வாசகருக்கு அந்நியமானதன்று. 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பந்து வீசப்படுமுன் எல்லைக்கோட்டைவிட்டு நகர்ந்த பில் பிரவுனை ஆட்டமிழக்கச் செய்தபோது, விதி அதை அனுமதித்திருந்தும் அவர் பெயரே ஒரு பழிச்சொல்லாயிற்று. எதிரணித் தலைவர் பிராட்மன் அவர் பக்கம் பேசியும் பழி நீங்கவில்லை. அவ்வகை ஆட்டமிழப்பை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற தலைப்பிலிருந்து ‘ரன் அவுட்’ தலைப்புக்கு எம்.சி.சி. மாற்ற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னே நகர்பவரை மடக்குவது பேஸ்பாலில் அன்றாடக் காட்சி. அதைச் சுற்றி விதிகள் வளர்ந்தன. கிரிக்கெட்டில் அதைச் சுற்றி ‘ஆட்டத்தின் மாண்பு’ என்ற எழுதப்படாத சட்டம் வளர்ந்தது. எழுதப்பட்ட விதி குற்றத்துக்குத் தண்டனை தந்து அங்கேயே கணக்கை முடிக்கிறது. எழுதப்படாத மாண்போ மனிதரின் பெயரைத் தண்டிக்கிறது. அதற்குக் காலவரம்பு இல்லை. கிரிக்கெட்டும் பின்னர் இதே பாதைக்கு வந்தது. பந்து கையில் இருப்பதாகக் காவலர் நடித்து மட்டையாளரை ஏமாற்றினால் 5 ஓட்டங்கள் தண்டம் என்பது 2017இல் விதியாயிற்று. நம் கோ-கோ ஆட்டத்திலும் துரத்துபவர் ஒரு திசையில் தோளைத் திருப்பி அடியெடுத்தபின் பின்வாங்கக் கூடாது. உடல் அளித்த வாக்கை உடலே காக்க வேண்டும் என்ற கருத்துதான் அங்கும் செயல்படுகிறது.

பேஸ்பாலில் அந்த எல்லைக்கோடு இன்றும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்றாம் தளத்துக்கு எறிவதுபோல் காட்டிவிட்டு முதல் தளத்தின்பால் திரும்பும் பழைய தந்திரம் 2013இல் மேஜர் லீக்கில் பால்க் ஆனது. 2023 முதல், மூன்றாம் முறையும் ஓட்டக்காரரை மடக்க முயன்று தோற்றால் அதுவும் பால்க். நேற்றைய சாமர்த்தியம் இன்றைய குற்றமாகும்போது, முன்பு அதைச் செய்தவர்களைக் கயவர் என எவரும் கூறுவதில்லை. பால்க் என்பது ஒழுக்கத் தீர்ப்பு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பள்ளி மைதானத்து நடுவர் நினைவில் கொள்ள வேண்டியதும் இதுவே. பதற்றத்தில் தோள் அசைந்த சிறுவருக்கு எதிராகவும் அவர் பால்க் அறிவித்தே ஆக வேண்டும். ஓட்டக்காரருக்கு ஒரு தளம் தர வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு ‘நீ ஏமாற்றினாய்’ என்று பொருள்படாது. ‘உன் தோள் அசைந்தது’ என்பதே அதன் முழுப்பொருள். அந்த வேறுபாட்டைச் சிறுவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த நடுவரிடம் 1845 முதல் எழுதப்பட்டுவரும் இவ்விதி பாதுகாப்பாக இருக்கிறது.