நீலி நடந்த சாலை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெருவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடமாடுகின்றனர். அவ்வழியே தெற்கு நோக்கிப் போனால் கரமனை, நெய்யாற்றின்கரை, குழித்துறை ஆகிய ஊர்களைக் கடந்து, தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தையும் அப்பால் நாகர்கோவிலையும் அடையலாம். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்று திருவனந்தபுரத்திற்கு மாறியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். வண்டிக்காரரும் வணிகரும் அரண்மனை ஏவலரும் இவ்வழியை இரவிலும் பகலிலும் மிதித்தனர். தனிவழி நடப்பவனுக்கு இருளில் அச்சம் தோன்றுவது இயல்பு. அவ்வச்சத்திற்கு இந்நாட்டார் ஒரு வடிவமும் கொடுத்தனர். வெண்ணிற ஆடை, அவிழ்ந்த கூந்தல், வெற்றிலைக்குச் சிறிது சுண்ணாம்பு கேட்கும் இனிய குரல். கொடுக்கச் சென்றவனின் நகமும் மயிருமே மறுநாட் காலையில் பனையடியில் கிடக்கும். இவளே யட்சி.

யட்சி என்னும் சொல் தமிழர்க்கு அயலானதன்று. இயக்கிக்குப் பால்மடை கொடுக்கப்பட்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் அவளே இசக்கியானாள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்னும் முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலையாளக் கதைகளைத் தமிழாக்குவோர் சிலர் யட்சியைப் 'பேய்' என்று எழுதிவிடுகின்றனர். பேயை ஊரார் ஓட்டுவார்கள், இசக்கிக்கோ பொங்கலிடுவார்கள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கியம்மனை வணங்கி நிற்கும் தாய்மாரிடம் போய், நீங்கள் வணங்குவது பேய் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

இவ்விசக்கியரின் கதைகளுள் தலையாயது நீலியின் கதை. கோயிற் கொடை நாட்களில் வில்லுக்கும் குடத்திற்கும் உடுக்கைக்கும் இசைய இரவெல்லாம் இது பாடப்படும். சிறுவர் தாயின் மடியில் துயில்வதும் விழிப்பதுமாகக் கேட்பர். பாடுவோருக்குப் பாடுவோர் சிற்சில வேறுபாடுகள் உண்டெனினும், கதையின் உட்பொருள் ஒன்றே. தன்னை நம்பி உடன்வந்த பெண்ணை, அவள் மடியில் தலைவைத்து உறங்கும்போது, நகைகளுக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றான் ஒருவன். அருகே நின்ற கள்ளிச்செடி ஒன்றே சான்று. மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான், அவள் நீலியாகிறாள். கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவன் என் கணவன்' என்று ஊரவையில் முறையிடுகிறாள். வணிகன் அலறி மறுக்கிறான். குழந்தையோ 'அப்பா' என்று அவனிடம் தாவுகிறது. அவையோர் அவளை நம்பி, அவனுக்குத் தீங்கு நேரின் தங்கள் உயிரையே ஈடாகத் தருவதாக வாக்களித்து இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடியற்காலையில் வணிகனின் உடலே கிடக்கிறது. வாக்குத் தந்த எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

இந்நிகழ்ச்சியைத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு இணைப்பது தமிழ் மரபு. சம்பந்தர் தேவாரத்திலேயே இதன் குறிப்பு உண்டு. கொலை நிகழ்ந்த காடு நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காடே என்பர் தென்னாட்டார். எதுவாயினும், இதைக் கேட்கும் சிறுவன் யாருக்கு அஞ்சுகிறான்? முதலில் நீலிக்கு, பிறகு, எண்ணிப் பார்க்கும்போது, கல்லெடுத்தவனுக்கு. தவறாகத் தீர்ப்பளித்து, சொன்ன சொல்லுக்காக மாண்ட எழுபதின்மரை என்ன செய்வது என்பது அவன் மனத்தில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. 1947-இல் தோன்றிய அம்புலிமாமா தலைமுறை தலைமுறையாக அளித்த வேதாளக் கதைகளும் இவ்வகையினவே. சுடுகாடு அச்சத்திற்கு, இறுதிக் கேள்வி அறிவுக்கு.

அச்சேறியபோது கதை வேறாயிற்று. கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாள நாட்டின் மரபுக்கதைகளைப் பாஷாபோஷிணி இதழில் எழுதத் தொடங்கினார். 1909 முதல் 1934 வரை 'ஐதிஹ்யமாலை' எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. 126 கதைகள். மந்திரவாதிகள், வைத்தியர்கள், யானைகள், யட்சிகள் என விரியும் அத்தொகுதியைக் கையிலெடுத்த சிறுவன் கீழே வைப்பதரிது. அதில் பத்மநாபபுரம் சாலையில் வழிமறித்த யட்சியொருத்தி வருகிறாள். கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் இரும்பாணியை அறைந்து, பணிப்பெண் போல் உடனழைத்துச் செல்கிறார். வழியிலோர் இல்லத்தில் மூதாட்டி ஒருத்தி கூந்தலைக் கோதும்போது ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, யட்சி பறந்துவிடுகிறாள். சுவையான கதை. ஆனால் அவள் ஏன் யட்சியானாள் என்ற வினா அங்கே எழவில்லை. வெற்றி முழுதும் ஆணியறைந்தவருக்கே. பிற்காலத்தார் நீலியையும் இவளையும் ஒன்றாக்கியபோது, நீலியின் வழக்கு மறைந்து ஆணி மட்டும் எஞ்சிற்று. என் கருத்தில் இது பெரிய இழப்பு.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கள்ளியங்காடு தமிழ்நாட்டினதாயிற்று, நீலி இருபுறத்தும் நின்றாள். 1979-இல் 'கள்ளியங்காட்டு நீலி' மலையாளத் திரைப்படமாக வந்தது. 2004-இல் ஏசியாநெட் தொலைக்காட்சியின் கத்தனார் தொடர் வீடுதோறும் சிறுவரை விளக்கணைக்க அஞ்சச் செய்தது. அங்கும் ஆணியே ஆண்டது.

2025 ஆகஸ்டில் திரைக்கு வந்த 'லோகா' படத்தில்தான் ஒரு திருப்பம். இயக்கியவர் டொமினிக் அருண்; கல்யாணி பிரியதர்ஷன் நடித்தார். இங்கே நீலி, அரசனது கொடுமைக்குத் தன் குலத்தாரைப் பறிகொடுத்த பழங்குடிச் சிறுமி. கத்தனார் அவளுக்குப் பகைவரல்லர், துணைவர். இக்காலப் பெங்களூரில் அவள் தீயோரை எதிர்க்கிறாள். பறப்பதும் அடிப்பதுமான காட்சிகள் எனக்கு மிகையாகப் பட்டன. என்றாலும், வில்லுப்பாட்டில் கேட்ட அநீதியின் முறையீடு மீண்டும் அவள் வாயில் ஒலித்தது. கள்ளிக்கொம்புக் குழந்தையும் எழுபதின்மரும் அதில் இல்லை. அவர்களைக் காண விழைவோர், கொடை நாட்களில் கிழக்கேகோட்டையினின்று தெற்கே பேருந்தேறத்தான் வேண்டும்.