வேங்கடத்தடியில் மது: நெல்முளைப் பிழி முதல் பீர்ப் புட்டி வரை

பீர் என்பது தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்கச் செய்து பெறும் பானம். தானியத்தை நனைத்து முளைகட்டினால் அதனுள் தோன்றும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்கிவிடும். அவ்வாறு முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட் எனப்படுகிறது. கள்ளுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. பனையும் ஈச்சமும் சர்க்கரையை நீராகவே தருவதால், மரத்திலிருந்து சொட்டும் சாறு கலயத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. சாராயமோ நொதித்த ஊறலைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடித்த, போதை மிகுந்த பானம். இன்று சித்தூர், திருப்பதி மாவட்டங்களாக விளங்கும் வேங்கடத்தடி நிலம் இம்மூன்றையும் வெவ்வேறு காலங்களில் கண்டது. அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், குடிப்பவரின் சுவையைவிட வரி வாங்கும் அரசின் தேவையே எந்தப் பானம் நிலைக்கும், எது மறையும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது தெரியவரும்.

தானியத்தை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமையன்று. சீனாவின் ஜியாஹு என்னும் ஊரில் கிடைத்த மட்கலங்களில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அரிசி, தேன், பழம் ஆகியவற்றைக் கலந்து புளிக்கவைத்த பானத்தின் படிவுகளை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சுமேரியர் நின்காசி என்ற பெண் தெய்வத்தைப் பீரின் தலைவியாகப் போற்றினர். எகிப்தில் கீசா பிரமிடுகளைக் கட்டிய தொழிலாளருக்கு ரொட்டியும் பீரும் படியாக அளக்கப்பட்டன. பீர் தோன்றிய இடங்களிலெல்லாம் அதை அளக்கவும் விலை வைக்கவும் அரசு முன்வந்தது என்பதற்குப் பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு சான்று. மதுக்கடை நடத்தும் பெண் விலையாகத் தானியத்தை ஏற்க மறுத்து, பெரிய எடைக்கல்லால் வெள்ளியை நிறுத்து வாங்கினால் அவளை நீரில் எறிய வேண்டும் என்று அது விதித்தது. 1516இல் பவேரியா இயற்றிய சட்டமும் பீரில் நீர், வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் சேரலாகாது என்று கூறியதோடு, பீரின் விலையையும் வரையறுத்தது.

முளைகட்டிய தானியத்தால் செய்த மதுவைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தெளிவான செய்தி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலின் தலைவன் கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். திரையனுக்கு உரியதாக வேங்கட மலையை அகநானூறும் குறிப்பதால், இந்நூல் காட்டும் வாழ்க்கை இந்த வட்டாரத்துக்கு அயலானதன்று. வலைஞர் குடியிருப்பில் பாணருக்கு அளிக்கப்படும் மதுவின் செய்முறையை நூல் படிப்படியாக விவரிக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றி, புற்றின் குரும்பியைப் போலத் தோன்றும் நெல்முளையை இடித்து அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயையுடைய சாடியில் நன்கு முதிரவைத்து, பின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். மாவுச்சத்தை வேகவைத்துக் குழைத்தல், முளைத் தானியத்தால் அதை இனிப்பாக்குதல், ஆறிய பின் நொதிக்கவிடுதல் என்ற இம்மூன்று படிகளும் இன்றைய பீர் ஆலையில் உருக்குக் கலன்களுக்குள் நடைபெறுபவையே. ஆகவே இந்தப் பிழியை அரிசிப் பீர் என்று சொல்வது மிகையாகாது. அதே நூல் வேறோரிடத்தில், வீட்டில் சமைத்த நெற்கள்ளைத் தோப்பி என்று குறிப்பிடுகிறது.

வேங்கடத்தில் மது பண்டமாற்றுப் பொருளாகவும் இருந்தது. அகநானூற்றின் 61ஆம் பாடலில் மாமூலனார், வேங்கடத்துக்கு உரிய கள்வர் கோமான் புல்லியைப் பாடுமிடத்து, யானைத் தந்தத்தோடு நறவு என்னும் மதுவையும் விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற நெல்லைக் கொண்டு மகிழும் வழக்கத்தைக் குறிக்கிறார். விழாக்களால் சிறந்த மலை என்றும் அப்பாடல் வேங்கடத்தைச் சிறப்பிக்கிறது. மலைநாட்டார் மதுவைக் கொடுத்துச் சமவெளியின் நெல்லைப் பெற்ற இந்த வாணிகத்தில் அரசின் பங்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை. வடக்கே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ மதுவுக்கென்றே சுராத்தியட்சர் என்ற அதிகாரியை அமர்த்தி, அரிசியையும் கிண்வம் என்ற நொதிமாவையும் எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பது வரை வகுத்தது. விழா, கூட்டம், யாத்திரை ஆகிய காலங்களில் மட்டும் நான்கு நாள்களுக்கு மது செய்ய உரிமை தரலாம் என்ற விலக்கும் அதில் உண்டு.

கீழைத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் சோட்டா நாகபுரியிலும் பழங்குடி மக்கள் அரிசியாலும் கேழ்வரகாலும் இன்றும் மது செய்கின்றனர். ஜார்க்கண்டின் ஹாண்டியா அவற்றுள் பெயர் பெற்றது. சித்தூர்ச் சமவெளியில் அத்தகைய தானிய மது வாணிகமாக நிலைபெறவில்லை. பனையும் ஈச்சமும் மலிந்த வறள்நிலத்தில், உணவுக்கே போதாத தானியத்தை மதுவுக்குச் செலவிட வேண்டிய தேவை எழாதது இதற்குக் காரணமாகலாம். புளித்த தானியக் கூழ் மட்டும் வேறு வடிவில் தொடர்கிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவிட்டுக் காய்ச்சும் அம்பலி, திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் அம்மனுக்குப் படைக்கப்படுகிறது. அதில் வேலை செய்பவை பெரும்பாலும் புளிப்பூட்டும் பாக்டீரியாக்கள் என்பதால் அது போதை தருவதில்லை.

கள் இறக்குதல் உடல் வலிமையும் கைத்திறனும் வேண்டும் தொழில். பனையின் இளம்பாளையை நாரால் இறுகக் கட்டி, பல நாள் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு வடியும். நாளும் இருமுறை மரமேறிச் சீவாவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். ஈச்ச மரத்தில் பாளைக்கு மாறாகக் கொண்டைக்கு அடியில் தண்டையே செதுக்கிச் சாறு எடுப்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டு அது பதநீராகும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பீரையொத்த போதையுடைய கள்ளாகும். மேலும் ஒரு நாள் கிடந்தால் காடியாகப் புளித்துவிடும். தெலுங்கு பேசும் ஈடிகர் சமூகத்தார் இந்த வட்டாரத்தில் இத்தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்தனர். நெடுநேரம் வைத்திருக்க முடியாத பொருளாதலால், இறக்குபவரும் விற்பவரும் குடிப்பவரும் ஒரே ஊராராக இருப்பதே கள்ளின் இயல்பு.

அந்த ஊர் எல்லையைப் பிரிட்டிஷ் ஆட்சியின் ஆப்காரி முறை, அதாவது மதுத் தீர்வை முறை, உடைத்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது செய்யும் உரிமையையும் விற்கும் உரிமையையும் அரசுக்கு உரியனவாக்கியது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி விதிக்கப்பட்டு, வரி கட்டிய மரத்தில் அடையாளம் இடப்பட்டது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுக்க முதல் வேண்டியிருந்ததால் மரமேறுபவர் கூலியாளாகவும், குத்தகைக்காரர் முதலாளியாகவும் மாறினர். சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாயாக ஆப்காரி வளர்ந்தது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்து, அவ்வாண்டு தனி மாவட்டமான சித்தூரும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியது.

பீர் இக்காலத்தில் வெள்ளையரின் பானமாகத் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து, கடற்பயணத்தில் கெடாதிருக்க ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த பீர் கப்பலில் வந்தது. பின்னர் குளிர்ச்சி மிகுந்த நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் எழுந்தன. 1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டதும், 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்ததும், குளிரூட்டும் இயந்திரம் பரவியதும் பீரை எங்கும் ஒரே தரத்தில் செய்யத்தக்க ஆலைப் பொருளாக்கின. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓரிரு நாளில் கெடும் கள்ளைப் போலன்றி, மாதக்கணக்கில் கிடங்கில் நிற்கும் புட்டியை எண்ணுவதும் அதற்கு வரி வாங்குவதும் எளிது.

சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1938 அக்டோபர் 1 அன்று அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், மறு ஆண்டு வட ஆர்க்காட்டுக்கும் நீட்டிக்கப்பட்டது. மரமேறிகளைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வேலைக்குத் திருப்ப அரசு முயன்றது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. போர்க் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, விடுதலைக்குப் பின் 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மதுவிலக்கோடுதான் அதில் சேர்ந்தது. மதுவிலக்கைக் கைவிடலாம் என்று எஸ்.வி.ராமமூர்த்தி குழு பரிந்துரைத்ததை ஏற்கத் தயங்கிய த.பிரகாசத்தின் அமைச்சரவை, 1954 நவம்பரில் ஒரே வாக்கு வேறுபாட்டில் கவிழ்ந்தது. ஆயினும் 1960களின் இறுதி வரை மதுவிலக்கு நீடித்தது. 1960இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்குச் சென்று எல்லை முடிவான பின், இரு மாநிலங்களின் மதுக் கொள்கை மாறும்போதெல்லாம் குடிப்போர் எல்லையின் ஒருபுறமிருந்து மறுபுறம் சென்றனர். தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டிருக்க, ஆந்திரத்தில் கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்கள் உரிமம் பெற்று இயங்குகின்றன. ஒரே வகைப் பனை எல்லைக்கு வடக்கே தொழிலாகவும் தெற்கே குற்றமாகவும் இருக்கிறது.

1980களில் என்.டி.ராமராவ் அரசு வாருணி வாகினி என்ற பெயரில் சாராயத்தைப் பொட்டலங்களில் அடைத்து ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. கூலி முழுவதும் சாராயக் கடையில் கரைவதைக் கண்ட பெண்கள் 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் கடையை மூடச் செய்தனர். எழுத்தறிவு வகுப்புகளில் கூடிப் பழகியது அவர்களுக்குத் துணையாயிற்று. அண்டை மாவட்டமான சித்தூர் உட்பட மாநிலமெங்கும் பரவிய இப்போராட்டத்தால் 1993 அக்டோபர் 1 அன்று சாராயம் தடை செய்யப்பட்டது. சாராயத்தைப் பரப்பிய அதே ராமராவ், முழு மதுவிலக்கு வாக்குறுதியோடு ஆட்சிக்கு மீண்டு 1995 ஜனவரியில் அதை நிறைவேற்றினார். சந்திரகிரியை அடுத்த நாராவாரிபள்ளியில் பிறந்த சந்திரபாபு நாயுடுவின் அரசு, வருவாய் இழப்பைக் காட்டி 1997இல் அதைத் தளர்த்தியது. சாராயத் தடை மட்டும் நீங்கவில்லை. அதன் இடத்தை ஆலையில் செய்த பிராந்தியும் விஸ்கியும் பீரும் நிரப்பின. 2019 அக்டோபரில் சில்லறைக் கடைகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியாரிடம் சென்றன. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் வேங்கடமாகிய திருமலையில் மதுவுக்கு இடமில்லை. அலிபிரிச் சோதனைச் சாவடியில் மலையேறும் வண்டிகள் சோதிக்கப்படுகின்றன.

ஒவ்வொரு மதுவிலக்கின்போதும் கிராமத்துச் சிறு தொழில் முதலில் அடிபட்டது. ஒவ்வொரு தளர்வின்போதும் ஆலையும் கருவூலமும் முதலில் பயன்பெற்றன. மது வருவாயே வேண்டாம் என்பதற்காக 1939இல் கொண்டுவரப்பட்ட விற்பனை வரியின் கதி இதற்குத் தக்க சான்று. மதிப்புக் கூட்டு வரியாக உருமாறிய அந்த வரி, 2017இல் ஜிஎஸ்டி வந்த பின் ஏனைய சரக்குகளிலிருந்து நீங்கி, இன்று மாநிலங்களின் கையில் பெட்ரோலியப் பொருள்களின் மீதும் மதுவின் மீதுமே எஞ்சியிருக்கிறது.