காந்திகிராமத்தில் விதைத்த நாடகக் கல்வி

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி, சின்னாளப்பட்டியை அடுத்து அமைந்திருக்கிறது காந்திகிராமம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய அவ்விடத்தைக் கதரோடும் கிராமத் தொண்டோடும் இணைத்தே நாம் நினைக்கிறோம். நாடகம் எழுதுவதையும் நடத்துவதையும் முதுகலைப் பாடமாகப் பயிலலாம் என்ற நிலை தமிழில் உருவானதற்கும் அந்த மண்ணுக்கும் உறவு உண்டு என்பதைப் பலரும் அறியோம்.

முன்னாளில் நாடகம் எழுதக் கற்றவர்கள் வாத்தியாரிடமே கற்றார்கள். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாலர் சபையில் பாட்டும் வசனமும் மனப்பாடமாகவே கைமாறின. நம் கத்தோலிக்கச் சிற்றூர்களின் வாசாப்பு நாடகங்களும் அவ்வாறே வாழ்ந்தன. புனிதர் வரலாற்றைப் பாட்டாக எழுதிய ஏடு, அதைக் காத்து வந்த முதியவர், இரவெல்லாம் பாடிப் பழகிய இளைஞர் என்று தலைமுறைகள் தொடர்ந்தன. பட்டம் இல்லை, ஆயினும் பயிற்சி இருந்தது.

காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர் நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம். அங்கே பணியாற்றிய மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளையோடு அவருக்கு நட்பு மலர்ந்தது. பின்னர் இராமானுஜம் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராகிம் அல்காசியிடம் பயின்றார். 1967-இல் கேரளத்துச் சாஸ்தாங்கோட்டையில் தொடங்கிய நாடகக் களரி இயக்கத்தில் நண்பர்கள் இருவரும் முன்னின்றார்கள். களரி என்பது பயிற்சிக்களம். நாடகத்தையும் முறையாகப் பயிலவேண்டும் என்ற உறுதியையே அப்பெயர் உணர்த்தியது.

1977-இல் காந்திகிராமத்தில் ஒரு நாடகப் பட்டறை நடந்தது. அதில் பயின்ற மு. இராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1977-இல் திருச்சூரில் நாடகப் பள்ளி தோன்ற, சங்கரப்பிள்ளை அதன் முதல் இயக்குநரானார். இராமானுஜமும் அங்கே கற்பித்தார். பிறகு அவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயராலேயே ஒரு நிகழ்கலைப் பள்ளி எழுந்தது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதற்குத் தலைமை ஏற்றார். பாட்டும் வசனமும் கற்பித்த வாத்தியாரின் பெயர் பல்கலைக்கழகத்தில் நிலைபெற்றது.

அங்கே மாணவர் எதைக் கற்கிறார்? மேடைக்கு எழுதுபவர் நடிகரின் உடலை நினைந்து எழுதவேண்டும். அவர் திரும்பி நிற்பதே ஒரு வசனமாகலாம். வானொலிக்கு எழுதுபவருக்குக் கண் இல்லை. கதவு திறக்கும் ஓசையும், இரு சொற்களுக்கு இடைப்பட்ட மௌனமும் அவருக்குக் கருவிகள். திரைக்கு எழுதுபவரோ, காட்டக்கூடியதைச் சொல்லாமல் விடும் அடக்கத்தைப் பழகவேண்டும்.

இவற்றை வகுப்பறை கற்பிக்கும். ஆனால் மொழியின் உயிரை எங்கே கற்பது? இராமானுஜத்தின் 'வெறியாட்டம்' இதற்கு விடை தருகிறது. யூரிபிடீஸின் 'திராய் நாட்டுப் பெண்கள்' என்ற கிரேக்கத் துயர நாடகத்தைத் தழுவி அவர் அதைப் படைத்தார். போரில் கணவரையும் மக்களையும் இழந்த பெண்களின் துயரம், அதில் நம் கிராமத்து ஒப்பாரியாக ஒலித்தது. தில்லியில் கற்ற கல்வி, இழவு வீட்டுத் திண்ணையில் கேட்ட குரலைத் தேடி வந்தபோதுதான் அந்த நாடகம் தமிழாயிற்று.

இராமானுஜம் 2016-இல் மறைந்தார். அவர் காட்டிய வழி நமக்கும் ஒரு கடமையை நினைவூட்டுகிறது. நம் ஊர்களில் எந்தப் பெட்டியிலேனும் ஒரு பழைய வாசாப்பு ஏடு கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கலாம். அதன் இராகம் அறிந்த முதியவர் ஒருவர் கேட்பாரின்றி இருக்கலாம். நாடகம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் முதலில் அவர் அருகே அமரட்டும். அவர் பாடுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பல்கலைக்கழகம் தரும் பட்டத்திற்கு அதுவே பாலபாடம்.