கடைசல் கலத்தின் மூடி

கடைசல் கலத்தின் மூடி என்பது, கடைசல் பட்டறையில் சுழலும் மரக்கட்டையை உளியால் குடைந்து செய்யப்படும் சிமிழ், செப்பு, குடுவை, ஜாடி முதலிய உள்ளீடற்ற பாத்திரங்களின் வாயை அடைப்பதற்கென, பெரும்பாலும் அதே கட்டையிலிருந்தே கடைந்தெடுக்கப்படும் உறுப்பாகும். பித்தளைக் கலத்துக்கு மூடி அடிக்கும் கன்னானுக்கும், சூளையில் வெந்த பானைக்கு மூடி வனையும் குயவனுக்கும், பொருள் ஒருமுறை இறுகிய பின் அதன் அளவு ஏறக்குறைய நிலைத்துவிடும் என்ற நிச்சயம் உண்டு. மரமோ, வெட்டுண்டு உலர்ந்து மெருகேறிய பின்னரும், காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிப் பருப்பதும் அதை விட்டுச் சுருங்குவதுமாகத் தன் ஆயுள் முழுவதும் அசைந்துகொண்டேயிருக்கும் சுபாவமுடையது. ஆகவே இத்தொழிலில் மூடியின் வடிவமைப்பு எனப்படுவதில் அழகுக்குரிய பங்கு சிறிதே. பெரும்பங்கு, அந்த அசைவுக்கு முன்கூட்டியே இடங்கொடுத்து வைக்கும் யோசனையாகும்.

இந்த யோசனை எங்கும் வேண்டுவதே யாயினும், கொடைக்கானல் அமைந்துள்ள பழனிமலைப் பிரதேசத்தில் அதன் அவசியம் இரட்டிப்பாகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமே வீட்டுக்குள் புகுந்து உலாவுவதும், தை மாசியில் இரவுக் குளிரோடு காற்று வறண்டு தோலை வெடிக்கச் செய்வதும் ஆண்டுதோறும் நிகழ்வன. அன்றியும், மலையில் கடையப்படும் பொருள் மலையிலேயே தங்குவது அபூர்வம். வருவோர் அதை வாங்கிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி, சித்திரை வெயில் காயும் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரே நாளில் கலம் இரண்டு வேறுபட்ட சீதோஷ்ணங்களைச் சந்தித்துவிடுகிறது.

மரம் சுருங்கும் விதம் திசைக்குத் திசை வேறுபடும். நாரின் நீளத்தில் சுருக்கம் பொருட்படுத்தத் தக்கதன்று. நடுச்சோற்றிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்திசையில் அது கண்ணுக்குத் தெரியும் அளவினது. ஆண்டு வளையங்களின் போக்கில் செல்லும் திசையிலோ, ஆரத்திசையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஈரம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் வளையத்திசையில் சுமார் கால் விழுக்காடும், ஆரத்திசையில் அதில் பாதியும் சுருங்கும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 80 மில்லிமீட்டர் வட்டமாக வாய் வைத்து மழைக்காலத்தில் கடைந்த கலம், சமவெளிக்கு இறங்கி, ஈரம் 17 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்ததாகக் கொண்டால், அதன் வாய் ஒரு பக்கம் 79.3 மில்லிமீட்டரும் குறுக்கே 78.6 மில்லிமீட்டருமான நீள்வட்டமாக மாறியிருக்கும். மூடியும் அதே அளவில் நீள்வட்டமாகியிருக்குமாதலால், நார்வரிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்குமாறு வைத்தால் அது முன்போலவே இறங்கும். கால்வட்டம் திருப்பி வைத்தாலோ, மூடியின் நீண்ட விட்டம் வாயின் குறுகிய விட்டத்தின் மேல் வந்து, 0.7 மில்லிமீட்டர் தடையாக நின்றுவிடும். மூடியை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்து, கடைந்தவனுக்குக் கைவரவில்லை என்று வாங்கினவர் சொல்லும் பழி, பல சமயங்களில் இந்த முக்கால் மில்லிமீட்டரின் விளைவேயாகும்.

தேர்ந்த கடைசல்காரர்கள் இதற்காகக் கைக்கொள்ளும் முறை எளியது. ஒரே கட்டையை நாரின் நீளம் கலத்தின் அச்சோடு ஒத்திருக்குமாறு பூட்டி, மேற்பாகத்தை மூடிக்கும் கீழ்ப்பாகத்தைக் கலத்துக்குமாக வெட்டிப் பிரித்தால், இரண்டின் வளையங்களும் ஒன்றன் தொடர்ச்சியாக அமைந்து, இரண்டும் சேர்ந்தே பருத்துச் சேர்ந்தே சுருங்கும். கட்டையை வெட்டுமுன் அதன் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு இழுத்துக்கொள்வதும், வேலை முடிந்ததும் அக்கோட்டின் ஸ்தானத்தை மூடியின் உட்புறத்திலும் கலத்தின் வாயின் உட்புறத்திலும் ஒரு சிறு புள்ளியாகக் குறித்துவைப்பதும் ஒரு நிமிஷ வேலை. வாங்குகிறவருக்கு அது பல ஆண்டுகளுக்குப் பயன்படும். அகன்ற கிண்ணத்தைக் கடைவது போலப் பலகையின் குறுக்கே நார் ஓடும்படி கலத்தைக் கடைந்தாலோ, வாய் ஒரு திசையில் சுருங்காமலும் மறு திசையில் மிகுதியாகச் சுருங்கியும் கோணிக்கொள்ளுமாதலால், இறுக்கமான மூடி அதற்கு ஆகாது.

பச்சை மரத்தில் ஒரே மூச்சாக வேலையை முடிப்பதும் ஆகாது. முதலில் உருவத்தைத் தடிப்பாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் நிற்கவிட்டு, நார்முனை தெரியும் பாகங்களில் மெழுகு பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் சில மாதங்கள் வைத்திருந்து, கோணவேண்டியதெல்லாம் கோணி முடிந்த பின் இரண்டாம் முறை பூட்டி வட்டமாக்குவதே முறை. இரண்டாம் கடைசலிலும் கலத்தின் உள்ளைக் குடைந்தவுடன் மூடியைப் பொருத்திவிடலாகாது. குடையும்போது உள்ளேயிருந்த ஈரமான மரம் காற்றுக்கு வெளிப்படுவதாலும், மரத்துக்குள் அடங்கியிருந்த இழுவிசை விடுபடுவதாலும், வாய் ஓரிரு நாளில் மீண்டும் சற்று அசையும். பொருத்தும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளும் பொறுமை, கூலி வேலையில் எளிதில் வாய்ப்பதன்று.

நம் நாட்டில் இக்கலையின் பழம்பள்ளிகள் மலைகளில் அமையாமல் சமவெளிகளில் அமைந்தவை. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம், பெண் குழந்தைகள் வைத்து விளையாடும் மரச்சொப்புச் சாமான்களுக்குப் பேர்போனது. கன்னட நாட்டில் பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணமும், ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏடிகொப்பாகவும் அரக்குக் கடைசலுக்குக் கீர்த்தி பெற்றவை. பின்னிரண்டு ஊர்களிலும் ஆதாரமான மரம், வெண்மையும் மென்மையும் சீரான நாரும் கொண்ட வெட்பாலை. சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் கோலை அழுத்தியதும், உராய்வின் உஷ்ணத்தால் அரக்கு இளகி மரத்தில் படிய, அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மினுக்கேற்றுவது சென்னபட்டணத்தார் வழக்கம். இலங்கையிலும் அரக்குக் கடைசல் தொன்றுதொட்டு நடந்துவருவது; ஆனந்த குமாரசாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அத்தொழிலுக்கு உரிய இடம் அளித்திருக்கிறார்.

இப்பள்ளிகளின் குங்குமச் சிமிழை ஒரு முறை கையிலெடுத்து ஆராய்வது, மூடியைப் பற்றிய முழுப் பாடத்தையும் படிப்பதற்குச் சமானம். கட்டைவிரலளவே அகலமுள்ள அதன் வாய் 24 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு முன்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், நீள்வட்டத்தின் வேறுபாடு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டரே வருகிறது. சற்றே தளர்வாக வைத்த மூடியின் இடைவெளியிலேயே அது அடங்கிவிடும். வாய் குறுகியிருப்பதே முதல் பாதுகாப்பு. வெளிப்புறம் முழுவதையும் மூடும் அரக்கு, ஈரம் உள்ளே புகுவதையும் வெளியே செல்வதையும் மெதுவாக்குவதால், சுருக்கம் திடீரென்று நேராமல் படிப்படியாக நேர்வது இரண்டாம் பாதுகாப்பு. கலமும் மூடியும் சந்திக்குமிடத்தில் ஓடும் வேறு நிற வரியோ மெல்லிய பள்ளமோ, விளிம்புகள் அணுவளவு விலகினாலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவது மூன்றாவது. அலங்காரமென்று நாம் கருதும் வரி, பிழை மறைக்கும் உபாயமாகவும் இருப்பதை அறிந்த பின் அச்சிமிழின் மேல் மதிப்பு கூடுகிறதே யன்றிக் குறைவதில்லை.

மூடி வகைகளில் மிக எளியது, வாயின் உட்புறப் படியில் தளர்வாக உட்காரும் மூடி. இதற்கு 80 மில்லிமீட்டர் வாயில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் குறையில்லை. எடையே அதை நிலைக்கச் செய்யும். இரண்டாவது, அடியில் கடைந்த நாக்கு வாய்க்குள் இறுக்கமாக இறங்கும் அமுக்கு மூடி. நாக்கின் சுவர் சரிவில்லாமல் நேராக நிற்க வேண்டும். சரிவாக இருந்தால் நுனியில் மட்டும் பிடித்து, நாலு நாள் திறந்து மூடியதும் தேய்ந்து தொளதொளத்துவிடும். நீளம் 5 முதல் 8 மில்லிமீட்டர் போதும். மூடியை வாயின்மேல் வைத்துக் கையை எடுத்தால், உள்ளே அடைபட்ட காற்று தாங்க, அது தானாக மெல்ல மெல்ல இறங்கி அமர்வதும், இழுத்துத் திறக்கும்போது ஒரு சிறு ஓசை எழுவதும் தேர்ந்த பொருத்தத்துக்கு அடையாளமென்பர். கேட்க இனிமையான அந்த ஓசை கடைந்த பருவத்தில் மட்டுமே நிச்சயம். 50 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாய்க்கு இவ்வகையை நாடாதிருப்பதே விவேகம் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

கலத்தின் கழுத்தை வெளியிலிருந்து தழுவும் கவிழ் மூடி, தூசியையும் ஈரத்தையும் தடுப்பதில் சிறந்தது. இதைச் செய்யும் வரிசைக்கிரமம் கவனிக்கத்தக்கது: முதலில் மூடியின் உட்புறத்தைக் குடைந்து முடித்து, பின்னர் கலத்தின் கழுத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மூடிக்குப் பொருத்தி, மூடியைக் கலத்தின்மேல் இறுக்கி இரண்டையும் ஒன்றாகவே சுழலவிட்டு வெளிப்புறத்தைக் கடைந்தால், இரு பாகங்களின் வளைவும் ஒரே ரேகையாக ஓடும். கழுத்தை மறுபடி ஒரு மயிரிழை குறைப்பது கடைசி வேலை. திருகு மூடிக்கு மரை வெட்ட, கருங்காலி போன்ற இறுகிய மரம் வேண்டும். மெல்லிய மரத்தில் மரையின் முகடு உதிர்ந்துவிடும்.

உருவத்தைப் பொறுத்தவரை, குறுகிய வாயுள்ள கலத்தில் மூடியின் விட்டம் கலத்தின் பெரும் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையொட்டி அமைவது கண்ணுக்கு இதமென்று கடைசல்காரர் பலர் கொள்வர். அது பிரமாணமன்று, தொடக்கத்துக்கான ஓர் ஊன்றுகோல். குமிழ் இரு விரல்களுக்கு வழுக்காமல் அகப்பட வேண்டும் என்பதே விட்டுக்கொடுக்கக்கூடாத விதி. 1970-க்குப் பின் அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் முதலியோர், வளைந்த உளிகளால் விரற்கடை அகல வாய்வழியே பெருங்கலங்களைக் குடையும் முறையைப் பரப்பியதையடுத்து, அக்கலங்களுக்கு ஊசிபோல் நீண்ட கலசம் வைத்த மூடிகள் மோஸ்தராயின. நம் கோபுரக் கலசத்தை நினைவூட்டும் அவை கண்காட்சியில் கம்பீரமானவைதாம். அன்றாடம் கைபடும் வீட்டில் முதலில் ஒடிவதும் அவையே.

பழனிமலையில் மூடிக்குகந்த மரம் எது என்னும் கேள்விக்கு, அம்மலையின் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்த்தே விடை கூற வேண்டும். மதுரை ஜில்லாவின் கலெக்டராயிருந்து கொடைக்கானல் ஏரியை 1863-இல் அமைத்த லெவிஞ்ச் காலந்தொட்டு, அயல்நாட்டு மரங்கள் அங்கே பெருகின. இன்று புல்வெளிகளையும் சோலைகளையும் நெருக்கி நிற்கும் யூகலிப்டஸ், சீகை எனப்படும் வாட்டில், பைன் ஆகியவை இவ்வாறு வந்தவை. யூகலிப்டஸ் தாராளமாகக் கிடைப்பினும், உலரும்போது மிகுதியாகச் சுருங்குவதோடு அதன் உயிரணுக்களே அமுங்கி ஒடுங்குவதால், மூடிக்கு அதைப்போல் பொல்லாத மரம் வேறில்லை. பைன் மென்மையானது, விளிம்பு நசுங்கும். சீகையின் இனத்தைச் சேர்ந்த பிளாக்வுட், பொன்னிறமும் பழுப்பும் கலந்த அழகிய மரம். நன்றாக உலர்த்தினால் சொன்னபடி கேட்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தில் தெரியும் வெள்ளிப் புள்ளிகள் பெரிய மூடியின் மேற்பரப்பில் மின்னும். பிடுங்கியெறியப்படும் முதிய காப்பிச் செடியின் அடிக்கட்டையோ, அடர்ந்த நாரும் இறுக்கமும் கொண்டதாகையால் சிறு சிமிழுக்கு ஏற்றது. இவையெல்லாவற்றினும் முதன்மை தரத்தக்கது, பழைய பங்களாத் தோட்டங்களில் காய்த்து ஓய்ந்த பேரி மரம். நுண்ணிய ஒரே சீரான நாருடைய அதில், உளி எத்திசையில் சென்றாலும் விளிம்பு பிசிறின்றி வெட்டுப்படும்.

எதுவாயினும், தானாக விழுந்த மரமானாலும் கேட்காமல் எடுப்பது குற்றமாகலாம் என்பதை மறக்கலாகாது. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஈட்டி மரத்துக்கென 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2013 முதல் சுற்றுவட்டாரக் காடுகளின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாகவும் விளங்குகிறது. சோலை மரத்தைச் சிமிழுக்காக நாடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

இத்தகைய கலம் ஒன்றை மலையில் வாங்குகிறவர், மூடியைப் பல திசைகளில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் அது இறங்குகிறதா என்று சோதித்து வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் மிக இறுக்கமாக இருக்கும் மூடியை அங்கேயே சற்றுத் தளர்த்தித் தரச் சொல்ல வேண்டும். ஊர் வந்து சேர்ந்ததும் வெயிலிலோ மின்விசிறியின் நேர் கீழோ வையாமல், மூடியைத் திறந்து தனியே எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, பின்னரே மூட வேண்டும்.