எடை போடும் கத்தி

"பழைய ஹாஸ்டல் கதை வேண்டாம், உன் தொழில் சம்பந்தமாக எழுது" என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வெற்றிடப் பம்புகளோடு மாரடிப்பவன் நான். அந்தப் பம்பு இல்லாமல் ஓடாத ஒரு கருவி ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த வரலாறு இது.

நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி. புற்றா, இல்லையா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது டாக்டர் மார்பைத் திறந்து, கட்டியை வெட்டியெடுத்து நோயியல் பிரிவுக்கு அனுப்புவார். அங்கே அதை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முடிவு வர இருபது முப்பது நிமிஷம். நோயாளி மயக்கத்தில்; டாக்டர் காத்துக்கொண்டு; சொந்தக்காரர்கள் வெளியே பெஞ்சில். புற்று என்றால் பெரும்பாலும் நுரையீரலின் ஒரு மடலையே எடுக்க வேண்டிவரும். இல்லையென்றால் அத்தோடு தைத்துவிடலாம். ஒரு மனுஷன் மிச்ச நாளெல்லாம் எவ்வளவு நுரையீரலோடு மூச்சு விடப்போகிறான் என்பது அந்த அரை மணியில்தான் முடிவாகிறது!

இந்த உறைய வைக்கும் முறையை 1905-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்சன் என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நூறு வருஷம் தாண்டியும் அதுதான் நடக்கிறது. நம்பகமானது, ஆனால் நேரம் பிடிக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1913-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு எடையுள்ள அணுக்கள் இருப்பதைக் காட்டினார். அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் 1919-இல் அதற்கென்றே நிறை நிறமாலைமானி செய்தார். 1922-இல் நோபல் பரிசு. தத்துவம் ஒண்ணும் பெரிசில்லை. நெல்லைத் தூற்றினால் பதர் தள்ளிப் போகும், மணி கிட்டே விழும். அதுபோல, மின்னேற்றிய மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஓடவிட்டால் எடைக்குத் தக்கபடி பிரியும்.

சிக்கல் என்னவென்றால், மாதிரியைப் பக்குவம் செய்துதான் கருவிக்குள் விட வேண்டியிருந்தது. 2004-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் குழு, திறந்த வெளியிலேயே மின்னேற்றிய துளிகளைப் பொருள்மேல் தெளித்து மூலக்கூறுகளைப் பிடித்தது. அந்தக் குழுவிலிருந்த தாகாட்ஸ் பிறகு ஒரு காரியம் செய்தார். 1926-இல் பாஸ்டனில் குஷிங்கும் போவியும் மின்சாரக் கத்தியைக் கொண்டுவந்த நாள் முதல், சதை கருகும் புகை வெறும் தொல்லைதான். அவர் அந்தப் புகையையே கருவிக்குள் விட்டார்! செல் சவ்வின் கொழுப்புகள் புற்றில் வேறு விகிதத்தில் இருக்கும். புகை அதைக் காட்டிக்கொடுக்கும், சில விநாடிகளில். 2013-இல் வெளியான முடிவில், 81 அறுவைகளிலும் அது சொன்னது பின்னால் வந்த நோயியல் முடிவோடு ஒத்துப்போனது.

2017-இல் டெக்சாஸில் எபர்லின் குழு கருக்கவே வேண்டாத பேனா ஒன்றைக் காட்டியது. ஒரு துளி தண்ணீரைச் சதைமேல் மூன்று விநாடி வைத்து உறிஞ்சிக்கொள்ளும். நுரையீரல், மார்பகம், தைராய்டு, சினைப்பை என 253 பேரின் மாதிரிகளில் சுமார் 96 சதவீதம் சரி.

நம் பக்கமும் சும்மா இல்லை. 2014-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் பிரதீப் குழு, குக்ஸோடு சேர்ந்து, கார்பன் நானோகுழாய் பூசிய காகிதத்திலிருந்து மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மூலக்கூறுகளை மின்னேற்றிக் காட்டியது. வழக்கமாக அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும்.

ஆனாலும் 96 என்றால் நூற்றுக்கு நாலு தப்பு. அந்த நாலில் நம் வீட்டு ஆள் இருக்கலாம். ஆகவே மைக்ராஸ்கோப்பை மூட்டை கட்டும் காலம் இன்னும் வரவில்லை. கருவியின் விலையோ கோடிக்கணக்கில்.

நம் ஊரில் மருத்துவக் கல்வி பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1823-இல் தொடங்கியது. அதன் வழிவந்த ஜிப்மர் பக்கத்துக் கோரிமேட்டில்தான். அங்கே நோயாளிகள், இங்கே தொழிற்பேட்டையில் லேத்தும் பம்பும். நடுவில் இருப்பது விலை. அதைக் குறைப்பது டாக்டர் வேலையல்ல, நம்ம வேலை. படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதை மனசில் போட்டு வைக்க வேண்டுகிறேன்.